கர்த்தருக்குத் தேதி குறிக்காத பிரசங்கம்

சபையார் கஷ்டத்தில் இருக்கும்போது அவர்கள் முன்னால் நின்று செய்தி கொடுக்கிறவருக்கு ஒரு சோதனை வரும். எதிரே உட்கார்ந்திருக்கிறவர்களின் முகங்களைப் பார்த்ததும், அவர்கள் கையில் ஒரு தேதியைக் கொடுத்து அனுப்பிவிடலாம் என்று தோன்றும். "இந்த மாதம் முடிவதற்குள்", "இன்னும் மூன்றே நாளில்", "இந்த வருஷத்தோடு உன் கண்ணீர் முடிந்தது". சொன்னவுடனே முகங்கள் மலரும். ஆமென் சத்தம் எழும்பும். சொன்னவருக்கும் பாரம் இறங்கினது போல இருக்கும். பெரும்பாலும் இது இரக்கத்திலிருந்துதான் வருகிறது என்று நான் நம்புகிறேன். நானும் அவ்வப்போது செய்தி கொடுக்கிறவன். வேலை இழந்தவரும் பிள்ளையை இழந்தவரும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது, நல்ல சேதி ஒன்றைச் சீக்கிரம் சொல்லிவிட வேண்டும் என்ற அந்த அவசரம் எனக்கும் தெரியும்.

ஆனால் கர்த்தர் சொல்லாத தேதியை அவர் பெயரில் சொல்வது, கஷ்டத்தில் இருக்கிற ஒருவருக்கு நாம் செய்யக்கூடிய பெரிய கேடுகளில் ஒன்று. இதை வேதமே ஒரு முழு அதிகாரமாகச் சொல்லியிருக்கிறது. எரேமியா 28-ஆம் அதிகாரம். அதைப் பற்றிப் பிரசங்கம் கேட்டவர்கள் நம்மில் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள்.

கி.மு. 597-ல் பாபிலோன் ராஜாவான நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து எகொனியா ராஜாவையும், ஆயிரக்கணக்கான ஜனங்களையும், ஆலயத்தின் பணிமுட்டுகளான பாத்திரங்களையும் பாபிலோனுக்குக் கொண்டுபோய்விட்டான். மீதியிருந்தவர்கள் உடைந்துபோயிருந்தார்கள். சில வருஷம் கழித்து, ஆலயத்தில், ஆசாரியர்களும் ஜனங்களும் பார்த்துக்கொண்டிருக்க, கிபியோன் ஊரானான அனனியா எழுந்து நின்று கர்த்தர் பெயரால் பேசினான். இரண்டு வருஷம். அதற்குள் பணிமுட்டுகளும் ராஜாவும் சிறைப்பட்டுப்போனவர்களும் திரும்பி வந்துவிடுவார்கள் என்றான். தீர்க்கதரிசி எரேமியா அங்கேயே, பாபிலோனுக்கு அடங்கியிருங்கள் என்பதற்கு அடையாளமாகக் கழுத்தில் நுகத்தோடு நின்றுகொண்டிருந்தார். அவர் முதலில் சொன்ன வார்த்தை என்ன தெரியுமா? "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக."

எனக்கு அந்த ஆமென் மிகவும் பிடிக்கும். எரேமியாவுக்கு ஜனங்கள் கஷ்டப்பட வேண்டும் என்ற ஆசை இல்லை. அனனியா சொன்னது நடந்தால் அவரைவிடச் சந்தோஷப்படுகிறவர் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். ஆனால் அது கர்த்தருடைய வார்த்தை இல்லை. அனனியா எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தை எடுத்து எல்லார் முன்னிலையிலும் உடைத்தான். ஆலயத்தில் ஆரவாரம் எழும்பியிருக்கும் என்று நினைக்கிறேன். எரேமியா பதில் பேசாமல் தன் வழியே போய்விட்டார். அப்புறம்தான் கர்த்தருடைய வார்த்தை வந்தது: மரநுகத்தை உடைத்தாய், அதற்குப் பதிலாக இரும்பு நுகம் வரும். "நீயோ இந்த ஜனத்தைப் பொய்யை நம்பும்படிச் செய்தாய்" என்று அவனிடம் நேராகவே சொல்லப்பட்டது.

மரநுகம் இரும்பாகிப்போவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எனக்குத் தெரிந்த ஒரு சகோதரியின் கணவர் நீண்ட நாள் வியாதியாக இருந்தார். வெளியிலிருந்து வந்த ஒரு பிரசங்கியார், கூட்டத்தின் நடுவே அவரை எழுந்து நிற்கச் சொல்லி, "நீ சாவதில்லை, பிழைத்திருப்பாய்" என்று அறிவித்தார். குடும்பம் அதைப் பிடித்துக்கொண்டது. விடைபெற வேண்டிய நாட்களில் விடைபெறவில்லை. பிள்ளைகளிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. சொன்னால் அவிசுவாசம் ஆகிவிடுமே என்ற பயம். அவர் இறந்துபோனார். அடக்க ஆராதனைக்குப் பிறகு அந்தச் சகோதரி நெடுநாள் சபைக்கு வரவில்லை. நான் போய்ப் பார்த்தபோது அவர் சொன்னது: "அன்னைக்கு அவர் மேல கைவச்சு ஜெபம் பண்ணினவங்க யாருமே அப்புறம் வீட்டுக்கு வரல பிரதர். வந்தா நான் என்ன கேட்பேன்னு பயந்திருப்பாங்க."

அவருடைய துக்கத்தின் மேல் இன்னொரு சுமையும் ஏறியிருந்தது. எங்கேயோ தன் விசுவாசம் குறைந்துபோயிருக்க வேண்டும் என்று அவரே நம்பத் தொடங்கியிருந்தார். தேதி தவறிப்போனால் தேதி கொடுத்தவர் அந்தக் குற்றத்தைச் சுமப்பதில்லை. கேட்டவர்தான் சுமக்கிறார். இதற்காகத்தான் எனக்கு இந்த விஷயத்தில் இவ்வளவு கோபம்.

சரி, அப்படியானால் பிரசங்கத்தில் நம்பிக்கையே சொல்லக்கூடாதா? எரேமியாவின் அடுத்த அதிகாரத்துக்குப் போகலாம். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போனவர்களுக்கு அவர் எழுதி அனுப்பின கடிதம் அது. "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்" என்ற 29:11 எல்லாருக்கும் மனப்பாடம். அதற்கு முந்தின வசனத்தில் எழுபது வருஷம் என்று இருக்கிறது. எரேமியாவும் ஒரு காலத்தைச் சொன்னார்தான். ஆனால் அந்தக் கடிதத்தைப் பாபிலோனில் வாசிக்கக் கேட்ட நாற்பது வயதுக்காரர் ஒருவர், தான் ஊர் திரும்பப் போவதில்லை என்று அன்றைக்கே புரிந்துகொண்டிருப்பார். அவருக்கும் சேர்த்துத்தான் அந்த வாக்குத்தத்தம் சொல்லப்பட்டது. அதோடு கூட அவர் கையில் வேலையும் கொடுக்கப்பட்டது: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்துவையுங்கள், உங்களைப் பிடித்துக்கொண்டுபோன அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள்.

சீஷத்துவம் என்று நாம் சொல்வது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. முடிவு எப்போது என்று தெரியாத காலத்தின் நடுவில் அன்றன்றைய கீழ்ப்படிதல். சத்துருவின் ஊருக்காக ஜெபிக்கிறது இரண்டு வருஷத்தில் கிளம்பிவிடலாம் என்று நினைக்கிறவருக்கு வராது. மூட்டையைக் கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர் மரம் நடுவதில்லை. அனனியாவின் பிரசங்கம் ஜனங்களுக்குப் பொய்யான ஆறுதலைக் கொடுத்ததோடு நிற்கவில்லை. அவர்கள் செய்திருக்க வேண்டிய நல்ல காரியங்களையும் பறித்துக்கொண்டது.

அப்போஸ்தலர் 12-ஆம் அதிகாரத்தையும் இந்தக் கண்ணோடு வாசிக்க வேண்டும். பேதுரு சிறையிலிருந்து தப்பின கதையை ஞாயிறு பள்ளியிலிருந்தே கேட்டு வருகிறோம். தேவதூதன், கழன்று விழும் சங்கிலிகள், தானாகத் திறக்கும் இரும்புக்கதவு, வாசலில் பேதுருவை நிறுத்திவிட்டுச் சந்தோஷத்தில் உள்ளே ஓடின ரோதை என்ற பெண். எல்லாம் அழகு. ஆனால் அதே அதிகாரத்தின் இரண்டாம் வசனத்தில் யோவானின் சகோதரனாகிய யாக்கோபைப் பட்டயத்தால் கொன்றார்கள் என்று இருக்கிறது. ஒரே வசனம். அதே ஏரோது, அதே சபை, அதே கர்த்தர். யாக்கோபுக்காக யாரும் ஜெபிக்காமல் இருந்திருப்பார்களா? பேதுருவின் விசுவாசம் யாக்கோபின் விசுவாசத்தைவிடப் பெரியது என்று எந்தப் பிரசங்கியாராவது சொல்லத் துணிவாரா? பேதுரு அந்த வீட்டு வாசலில் நின்று தட்டின ராத்திரியில், யாக்கோபின் தாய் எங்கே இருந்திருப்பாள் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். பேதுருவின் சாட்சியைக் கேட்டு அவளும் தேவனை மகிமைப்படுத்தியிருக்க வேண்டும். ஒவ்வொரு சபையிலும் அந்தத் தாய் உட்கார்ந்திருக்கிறாள். நம்முடைய பிரசங்கம் பேதுருவுக்கு மட்டுமே பொருந்துகிறது என்றால் அது பாதிப் பிரசங்கம்.

பவுலின் கடைசி நிருபத்தில், தன்னோடு பயணம் செய்த துரோப்பீமுவைப் பற்றிப் போகிறபோக்கில் ஒரு வரி வருகிறது: "துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன்." பவுலின் சரீரத்திலிருந்து கொண்டுபோன உறுமால்களால், அதாவது கைக்குட்டைகளால், வியாதிகள் நீங்கின என்று எழுதியிருக்கிற அதே வேதத்தில்தான் இதுவும் இருக்கிறது. துரோப்பீமு ஏன் சுகமாகவில்லை என்று பவுல் விளக்கம் சொல்லவில்லை. யார் மேலும் பழி போடவில்லை. விளக்கம் இல்லாமல் ஒரு வியாதியைச் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போகிற அந்தத் தைரியம் நம்முடைய மேடைகளில் குறைவு.

கர்த்தர் சுகமாக்குவதில்லை என்று நான் சொல்ல வரவில்லை. சுகமாக்குகிறார். ஜெபத்துக்குப் பதில் வந்ததைப் பார்த்துக் கண்ணீரோடு நன்றி சொன்ன நாட்கள் எனக்கும் உண்டு. சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ மூவரும் எங்கள் தேவன் எங்களைத் தப்புவிக்க வல்லவர் என்று, எரிகிற சூளையில் போடுவேன் என்று மிரட்டின ராஜாவின் முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். அடுத்த மூச்சிலேயே, விடுவிக்காமற்போனாலும் உம்முடைய தேவர்களை ஆராதிப்பதில்லை என்றும் சொன்னார்கள். இரண்டும் ஒரே விசுவாச அறிக்கை. முதல் பாதியை மட்டும் வெட்டியெடுத்துப் பிரசங்கிப்பது எளிது. இரண்டாம் பாதிதான் சூளைக்குள் போகிறவருக்குத் தேவை.

இப்போது ஆராதனையைப் பற்றி. கஷ்டகாலத்தில் சபை எப்படிப் பாடுகிறது, எப்படி ஜெபிக்கிறது என்பதும் பிரசங்கம்தான். சங்கீதப் புத்தகத்தில் பெரிய பங்கு புலம்பல். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தாவீது கேட்கிறார். 88-ஆம் சங்கீதம் கடைசிவரை வெளிச்சத்துக்கு வருவதே இல்லை. சிநேகிதர்களும் விலகிப்போனார்கள் என்ற புலம்பலோடு முடிந்துவிடுகிறது. அதற்கு ஒரு நல்ல முடிவு சேர்க்க வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. அப்படியே ஆலயப் பாடலாக வைத்திருக்கிறார்கள். வெளிப்படுத்தின விசேஷத்தில் பரலோகத்துக்குப் போய்ச்சேர்ந்த இரத்தசாட்சிகள்கூட, பலிபீடத்தின் கீழிருந்து, எதுவரைக்கும் என்று ஆண்டவரைக் கேட்கிறார்கள். அவர்களுக்கு வெள்ளை அங்கி கொடுக்கப்படுகிறது, இன்னும் கொஞ்சக்காலம் இளைப்பாறும்படி சொல்லப்படுகிறது. அவர்களுக்கும் தேதி சொல்லப்படவில்லை! ஆனால் கேட்டதற்காக யாரும் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை.

நம்முடைய ஆராதனைகளில் இந்தக் கேள்விக்கு இடம் இருக்கிறதா? சாட்சி நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிரச்சினை தீர்ந்தவர்கள்தான் எழுந்து நிற்கிறார்கள். வேலை கிடைத்தவர், சுகமானவர், கடன் அடைந்தவர். இன்னும் தீராதவர்கள் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். ஒருமுறை ஒரு சாட்சி நேரத்தில் வயதான ஒரு சகோதரர் எழுந்து, "என் மகன் இன்னும் திரும்பி வரவில்லை. நான் இன்னும் ஜெபிக்கிறேன். இன்றைக்கும் வந்திருக்கிறேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். யாரும் அல்லேலூயா சொல்லவில்லை. என்ன சொல்வது என்று யாருக்கும் தெரியவில்லை. ஆராதனை முடிந்ததும் அவரைச் சுற்றி நின்றவர்களைப் பார்த்தேன். பல வருஷமாகத் தங்கள் பிள்ளைகளைப் பற்றி வாய் திறக்காதவர்கள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்கள். அதுபோன்ற சாட்சிகளைப் போதகர்கள் தைரியமாகக் கேட்டு வாங்க வேண்டும்.

ஜெபக் குறிப்புகளிலும் இதே சிக்கல். முதல் மாதம் எல்லாரும் பெயர் சொல்லி ஜெபிப்பார்கள். ஆறாம் மாதம் அந்தப் பெயர் பட்டியலின் கீழே போகும். ஒரு வருஷம் ஆனால் காணாமல் போகும். வேண்டுமென்று யாரும் செய்வதில்லை. சீக்கிரம் முடிகிற கஷ்டங்களுக்கு மட்டுமே நம்முடைய சபைகள் பழகியிருக்கின்றன. நீண்டுபோகிற கஷ்டம் நம்மைக் களைப்பாக்குகிறது, அப்புறம் சங்கடப்படுத்துகிறது. படுக்கையில் கிடக்கும் ஒருவரை ஐந்தாம் வருஷத்திலும் போய்ப் பார்க்கிற மூப்பர் ஒருவர் இருந்தால், அந்தச் சபையில் விசுவாசத்தைப் பற்றித் தனியாகப் பாடம் எடுக்கத் தேவை குறைவு.

அந்தியோகியா சபையை நினைத்துப் பாருங்கள். உலகமெங்கும் கொடிய பஞ்சம் வரும் என்று அகபு ஆவியினால் சொன்னார். ரோமப் பேரரசர் கிலவுதியு ராயன் காலத்தில் அது வந்தது. அந்தத் தீர்க்கதரிசனத்தைக் கேட்ட சீஷர்கள் என்ன செய்தார்கள்? அவரவர் திராணிக்குத் தக்கதாகப் பணம் சேர்த்து, யூதேயாவில் இருக்கிற சகோதரருக்கு அனுப்பினார்கள். தங்களுக்கும் பஞ்சம் வரும் என்று கேட்டவர்கள் முதலில் யோசித்தது மற்ற ஊர் விசுவாசிகளைப் பற்றி. உண்மையான தீர்க்கதரிசனம் பணப்பையைத் திறக்க வைத்தது. மேடையிலிருந்து வருகிற எந்தத் தீர்க்கதரிசனத்தையும் இந்த அளவுகோலால் பார்க்கலாம்: கேட்டவர்கள் யாரைத் தேடிப் போனார்கள்?

1527-ல் ஜெர்மனியின் விட்டன்பர்க் நகரத்தில் கொள்ளைநோய் பரவியபோது பல்கலைக்கழகம் யேனாவுக்கு மாற்றப்பட்டது. அங்கே போதித்துவந்த சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தரையும் கிளம்பச் சொன்னார்கள். அவர் கிளம்பவில்லை, அவருடைய வீடே நோயாளிகள் கிடக்கும் இடமாக மாறியது. பிரெஸ்லாவில் இருந்த யோஹான் ஹெஸ் என்ற போதகர், கொள்ளைநோய்க்குப் பயந்து கிறிஸ்தவர் ஓடலாமா என்று கேட்டிருந்தார். அதற்கு லூத்தர் எழுதின பதிலை ஒவ்வொரு போதகரும் வாசிக்க வேண்டும். போதகர், அதிகாரி, பிறரைப் பராமரிக்கும் கடமை உள்ளவர் யாரும் தங்கள் இடத்தை விட்டுப் போகக்கூடாது என்றார். அப்படிப்பட்ட கடமை இல்லாதவர், அயலானைத் தவிக்க விடாமல் போகக்கூடுமானால் போகலாம், அது பாவம் இல்லை என்றும் சொன்னார். மருந்தைப் பயன்படுத்துங்கள், வீட்டைச் சுத்திகரியுங்கள், தேவையில்லாத இடத்துக்குப் போகாதீர்கள், ஆனால் அயலானுக்கு நீங்கள் தேவைப்பட்டால் தயங்காமல் போங்கள் என்று எழுதினார். நோய் எப்போது நீங்கும் என்று அதில் அவர் சொல்லவில்லை. மருந்து எடுப்பவரை அவிசுவாசி என்றும் திட்டவில்லை. ஒவ்வொருவருக்கும் அவரவர் கடமை எங்கே இருக்கிறது என்று காட்டினார்.

பிரசங்கிக்கிறவரும் மனுஷர்தான் என்பதையும் சபை மறக்கக்கூடாது. எலியா சூரைச்செடியின் கீழே படுத்து, போதும் கர்த்தாவே என்று சாவைக் கேட்டபோது, தேவதூதன் அவருக்குச் செய்தி எதுவும் கொண்டுவரவில்லை. அப்பமும் தண்ணீரும் கொண்டுவந்து, தூங்கவிட்டு, மறுபடியும் சாப்பிடச் சொன்னான். 1856 அக்டோபர் 19 அன்று லண்டன் சர்ரே தோட்ட அரங்கில் ஆங்கிலேயப் பிரசங்கியார் சார்லஸ் ஸ்பர்ஜன் நடத்திய ஆராதனையில் யாரோ "தீ" என்று பொய்யாகக் கூச்சலிட, நெரிசலில் 7 பேர் இறந்தார்கள். அவருக்கு அப்போது வயது 22. அந்த ராத்திரியின் பாரமும் மனச்சோர்வும் வாழ்நாள் முழுக்க அவரைத் தொடர்ந்தன. ஊழியத்துக்குத் தயாரான மாணவர்களிடம் அதை அவர் மறைக்காமல் பேசினார். தன் போதகர் எப்போதும் உற்சாகமாகவே இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிற சபை, அவரைப் பொய் தேதிகளை நோக்கித் தள்ளுகிறது.

பவுலும் பர்னபாவும் லீஸ்திராவுக்குத் திரும்பிப் போன சம்பவத்தை நான் புதிய விசுவாசிகள் வகுப்பில் எப்போதும் சொல்வேன். அங்கேதான் பவுலைக் கல்லெறிந்து, செத்தான் என்று நினைத்து ஊருக்கு வெளியே இழுத்துப்போட்டார்கள். அதே ஊருக்குத் திரும்பி வந்து, அப்போதுதான் விசுவாசத்துக்குள் வந்தவர்களிடம், "நாம் அநேக உபத்திரவங்களின் வழியாய்த் தேவனுடைய ராஜ்யத்தில் பிரவேசிக்கவேண்டும்" என்றார்கள். இதைக் கேட்டால் ஆட்கள் போய்விடுவார்களே என்று நாம் பயப்படுகிறோம். சிலர் போகத்தான் செய்வார்கள், இயேசுவின் பின்னால் வந்தவர்களிலும் அநேகர் திரும்பிப்போனார்கள். ஆனால் அவர்கள் இதைச் சொல்லிவிட்டு அப்படியே கிளம்பவில்லை. சபைகள்தோறும் மூப்பரை ஏற்படுத்தி, உபவாசித்து ஜெபம்பண்ணி, அவர்களைக் கர்த்தருக்கு ஒப்புவித்துவிட்டுப் போனார்கள். உபத்திரவம் வரும் என்று சொன்னவர்கள், அது வரும்போது கூட நிற்பதற்கு ஆட்களையும் வைத்துவிட்டுப் போனார்கள்.

கடைசியாக, விழுந்துபோனவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். கஷ்டகாலத்தில் எல்லாரும் நிலைநிற்பதில்லை. கி.பி. 250-ல் ரோமப் பேரரசர் டீசியஸ், எல்லாரும் தேவர்களுக்குப் பலியிட்டு அதற்குச் சான்றிதழ் பெற வேண்டும் என்று கட்டளையிட்டார். அப்படிப்பட்ட சான்றிதழ்கள் எகிப்தில் பாப்பிரஸ் தாள்களாக இன்றைக்கும் கிடைத்திருக்கின்றன. வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரத்தில் ஏராளமான கிறிஸ்தவர்கள் பலியிட்டார்கள். சிலர் பலியிடாமல் பணம் கொடுத்துச் சான்றிதழ் மட்டும் வாங்கினார்கள். அந்த நகரத்தின் ஆயர் சிப்ரியான் ஒளிந்துகொண்டார், அதற்காக அவரையும் பலர் குறை சொன்னார்கள். உபத்திரவம் தணிந்ததும் விழுந்தவர்கள் சபையின் வாசலுக்குத் திரும்பி வந்தார்கள். ரோமில் நோவேசியன் என்ற மூப்பர் அவர்களைச் சபை திரும்பச் சேர்க்கவே கூடாது என்று பிரிந்துபோனார். சிப்ரியானும் மற்ற ஆயர்களும் 251-ல் கூடி, சான்றிதழ் மட்டும் வாங்கினவர்களை விசாரித்துச் சேர்த்துக்கொள்ளவும், பலியிட்டவர்கள் நெடுங்காலம் மனந்திரும்புதலில் காத்திருக்கவும் முடிவுசெய்தார்கள். அடுத்த உபத்திரவம் நெருங்குகிறது என்று தெரிந்தபோது, காத்திருந்தவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். கிறிஸ்துவுக்காக இரத்தம் சிந்தும்படி இவர்களை அழைக்கப்போகிறோம், அவருடைய இரத்தத்தின் பாத்திரத்தை இவர்களுக்கு எப்படி மறுப்பது என்று அவர்கள் வாதித்தார்கள். ஒளிந்துகொண்டவர் என்று பேர் வாங்கின சிப்ரியானே 258-ல் விசுவாசத்துக்காகத் தலை வெட்டப்பட்டு இறந்தார்.

நம்முடைய சபைகளிலும் ஒரு கஷ்டகாலம் முடிந்ததும் சிலர் திரும்பி வருவார்கள். பயத்தில் மறுதலித்தவர்கள், கசப்பில் விலகினவர்கள், தவறிப்போன தேதியால் உடைந்தவர்கள். அவர்கள் வரும் முதல் ஞாயிற்றுக்கிழமை, இவ்வளவு நாள் எங்கே போயிருந்தீர்கள் என்று வாசலிலேயே யாரும் கேட்க வேண்டாம். மைக்கைக் கையில் கொடுத்துச் சாட்சி சொல்லச் சொல்லவும் வேண்டாம். விசாரிக்க வேண்டியதை மூப்பர்கள் பிறகு தனியாக, பொறுமையாக விசாரிக்கலாம். சபை கொடுத்த வாக்கு பொய்யாய்ப் போனதால் போனவர் என்றால், அவரை விசாரிப்பதற்கு முன் சபைதான் அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அதை மேடையிலிருந்து சொன்னது யாரோ, அவர் வீடு தேடிப் போய்க் கேட்பதுதான் முறை.